வாய் திறவாப் பிள்ளையும் வீட்டுச் சொற்களும்

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிற் பூசகர் வாயைத் துணியாற் கட்டி, மந்திரம் ஓதாது பூசை செய்வதை இப்பகுதியின் வாசகர் அறிவர். அம் மௌனத்தின் முன்னே நின்று, தம் பிள்ளைக்குப் பேச்சுத் தரும்படி முருகனை வேண்டும் தாய்மாரும் உளர். இரண்டு வயது கடந்தும் பிள்ளை கதைக்காவிடின், வீட்டிற் பெரியோர் ஓர் ஆறுதல் கூறுவதுண்டு: "குமரகுருபரரும் ஐந்து வயது வரை ஊமைதானே? பிறகு கந்தர் கலிவெண்பா பாடவில்லையோ?" பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியார் திருச்செந்தூரிற் பேச்சுப் பெற்ற வரலாறு நாம் போற்றும் வரலாறே. ஆயினும் அதனைக் காரணமாகக் கொண்டு ஐந்து வயது வரை காத்திருத்தல் தகாது என்பதையே இன்று சொல்ல விரும்புகின்றோம். நேர்த்தி நேர்த்தியாக இருக்கட்டும். முயற்சியும் உடன் நடக்கட்டும்.

பிள்ளை பிந்திப் பேசுகின்றதா என்பதை எங்ஙனம் அறிவது? லெஸ்லி றெஸ்கோர்லா என்னும் அமெரிக்க உளவியலாளர் 1989 இல் 310 சொற்கள் அடங்கிய பட்டியலொன்றை வெளியிட்டார். பிள்ளை தானாகச் சொல்லும் சொற்களுக்குத் தாயே அதில் அடையாளமிட வேண்டும். இரண்டு வயதில் ஐம்பது சொற்கள் தேறாவிடினும், "அம்மா வா" என்பது போல இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாவிடினும், பேச்சுப் பிந்துகின்றதென்று கொள்வர். இத்தகைய பிள்ளைகளுட் பலர் தாமாகவே பிறரை எட்டிப் பிடித்துவிடுவர், சிலர் பிடிப்பதில்லை. யார் எட்டுவர், யார் பின்தங்குவர் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. காத்திருத்தல் ஆகாதென்பதற்கு இதுவே காரணம்.

முதற் கடமை செவியைச் சோதிப்பித்தல். தட்டு விழும் ஓசைக்குத் திரும்பும் பிள்ளைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேளாதிருக்கலாம். நடுச்செவியில் நீர் தேங்கினாலும் கேள்வி மங்கும். மந்திகை ஆதார வைத்தியசாலையிலேனும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலேனும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். செவிப்புலன் குன்றிய பிள்ளைகளுக்குக் கைதடியில் நவீல்ட் பாடசாலை உண்டு. முன்னர் சொன்ன சொற்களைப் பிள்ளை இழந்துவிட்டாலும், பெயர் கூறி அழைத்தால் திரும்பாவிட்டாலும், ஒருநாளும் தாமதித்தல் கூடாது. நாவில் வசம்பு தேய்ப்பதாற் பேச்சு வாராது. அது சிறு பிள்ளைக்குத் தீங்கும் செய்யலாம்.

அடுத்தது வீட்டு வேலை. "அம்மா சொல்லு, பந்து சொல்லு" என்று பிள்ளையை நாள்முழுதும் வருத்துவோரைக் காண்கின்றோம். பரீட்சை எழுத எவருக்கும் விருப்பமில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் இருக்கும்? பிள்ளையின் கண் எங்கே செல்கின்றதோ, அங்கே தாயின் சொல்லும் செல்லுதல் வேண்டும். கிணற்றடியில் வாளியைப் பார்க்கின்றதா? "வாளி" என்று கூறுக. "வாளியில் தண்ணீர்" என்று கூறுக. பின்னர் வாய்மூடி, மனத்துள் ஐந்து எண்ணும் அளவு காத்திருங்கள். பிள்ளை பேசுவதற்கு இடம் வேண்டுமன்றோ? அது "தண்ணி" என்றால், "குளிர்ந்த தண்ணி, தண்ணி குடிப்போம்" என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். ழகரமும் றகரமும் பிழைத்தால் திருத்த வேண்டா. சரியான ஒலியை நீங்கள் கூறினாற் போதும்.

தமிழாசிரியர் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்லத் துணிகின்றோம். வா, போ, தா, வை, எடு, குடி என்னும் ஏவற் சொற்கள் நம் மொழியில் மிகச் சிறியன. வினையின் பகுதியே அங்கு முழுச்சொல்லாகிவிடுகின்றது. பலர் பொருட்பெயரையே கற்பித்து வினையை மறந்துவிடுகின்றனர். வினையின்றிப் பல வாக்கியங்கள் பிறவா. மற்றையது வேற்றுமை. சோறு என்பது "சோற்றை" என்றும், மாடு என்பது "மாட்டுக்கு" என்றும், மரம் என்பது "மரத்தில்" என்றும் உருமாறும். பிந்திப் பேசும் பிள்ளைக்கு இவை வேறு வேறு சொற்களாகத் தோன்றக்கூடும். ஆகையால், "இது சோறு. சோற்றைத் தின்" என்று முதலில் உருபு ஏலாத பெயரையும் பின்னர் உருபேற்ற பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லுதல் நன்று.

சொற்களுக்காகக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. அடுக்களையிற் சுளகும் அகப்பையும் நீற்றுப்பெட்டியும் உள. மாலையிற் பாலத்தடிக்குப் போனால் வள்ளம், வலை, இறால், கொக்கு, காற்று, அலை யாவும் கண்முன் நிற்கும். ஒருநாளைக்கு நாலைந்து சொற்களை எடுத்து, அவற்றையே வெவ்வேறு இடங்களிற் பலமுறை சொல்லுங்கள். அம்மம்மா, மாமி, அண்ணன் எல்லாரும் அதே சொற்களையே வழங்கட்டும்.

கைத்தொலைபேசியிற் பாட்டுப் போட்டுக் கொடுத்தாற் பிள்ளை சொற்பழகும் என்று எண்ணுவோர் உளர். அக்கருவி பிள்ளையின் முகம் பார்த்து மறுமொழி கூறுவதில்லை. கனடாவிலிருந்து அப்பப்பா அதே கருவியிற் பேரனை அழைத்து, அவன் காட்டும் பொம்மையைப் பார்த்து, "ஆ, யானையோ!" என்று வியந்தால் அது உரையாடல். வெளிநாட்டிலுள்ள நம்மவர் ஒன்றையும் அறிதல் நலம்: இரு மொழி கேட்பதாற் பிள்ளைக்குப் பேச்சுக் குறை நேர்வதில்லை; ஆங்கிலத்துக்கு அஞ்சித் தமிழை நிறுத்த வேண்டியதில்லை. கனடாவிலேயே அயலா மனோல்சன் என்னும் பேச்சுச் சிகிச்சையாளர் 1975 இல் பெற்றோரைக் கூட்டி இம்முறைகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கிழமைக்கு ஒருமுறை காணும் சிகிச்சையாளரிலும் நாள்தோறும் உடனிருக்கும் தாய்க்கே வாய்ப்பு மிகுதி என்பதை அவர் உணர்ந்திருந்தார். சிகிச்சையாளர் வழிகாட்டுவார், வழி நடப்பது வீட்டார்.

"விசயதசமியில் ஏடு தொடக்கினாற் சரியாகிவிடும்" என்று ஒத்திவைப்போருக்கும் ஒரு சொல். எழுத்துக்கு முன்னது சொல். இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் பிள்ளை தானாகச் சொல்லும் சொற்களை எழுதுங்கள். மாட்டுக்கு "மா" என்று எந்நாளும் சொன்னால் அதுவும் ஒரு சொல்லே. ஒரு திங்கள் கழித்து மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் மகிழுங்கள். கூடாவிடின் கொப்பியையும் பிள்ளையையும் கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். அக்கொப்பி அவருக்குப் பேருதவியாக இருக்கும்.