கிராமைக் குறைக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள்

மலைச் சைக்கிள் ஓட்டும் இளையர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் வரும் கேள்வி, “உன் சைக்கிள் எத்தனை கிலோ?” என்பதுதான். ஒருவர் 13 என்பார், மற்றவர் பெருமையோடு 10 என்பார். “உன் பிரேக் எப்படி?” என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டில் அம்மாக்கள் மட்டும்தான் அதைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதுதான் சரியான கேள்வி என்பது என் கருத்து.

நான் பேசுவது ‘கிராஸ் கன்ட்ரி’ வகைச் சைக்கிள்களைப் பற்றி. ஏற்றம், இறக்கம், வேர், கல் எல்லாம் மாறி மாறி வரும் மண்பாதையில் வேகமாக ஓட்டுவதற்காகவே எடை குறைவாகச் செய்யப்படுபவை இவை. 1996 அட்லாண்டா முதல் ஒலிம்பிக்கில் இதற்குப் போட்டி உண்டு. நம் ஊரில் புக்கிட் தீமா, செஸ்நட், புலாவ் உபினின் கெத்தாம் பாதைகளுக்கு இந்த வகை நன்றாகப் பொருந்தும். பல்கலைக்கழக மாணவர்களும் தேசிய சேவையை முடித்தவர்களும் பகுதிநேர வேலைப் பணத்தில் ஒரு சாதாரண அலுமினியச் சைக்கிளை வாங்கி, பிறகு மாதம் ஒரு பாகமாக மாற்றிக்கொண்டே போவார்கள். எந்தப் பாகத்தை முதலில் மாற்றுகிறோம் என்பதில்தான் பிரச்சினை. என் நண்பர்கள் வட்டத்தில் பெரும்பாலும் முதலில் வருவது கார்பன் ஹேண்டில்பார், பிறகு டைட்டானியத் திருகுகள். பிரேக் பட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்த பிறகுதான் பிரேக்கின் நினைவே வருகிறது.

எடையைக் குறைத்தால் உண்மையில் எவ்வளவு லாபம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 12 கிலோ, பையும் தண்ணீரும் 3 கிலோ. மொத்தம் 85. நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழித்து ஒரு முழுக் கிலோவைக் குறைத்தால், மொத்த எடையில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் குறையும். செங்குத்தான ஏற்றத்தில் 10 நிமிடம் விடாமல் மிதித்தால் ஏறக்குறைய 7 விநாடி மிச்சமாகும். 10 நிமிடம் விடாமல் ஏற நம் தீவில் மேடு எங்கே இருக்கிறது? நம்முடைய மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரைத் தொடவில்லை. நமது ஏற்றங்கள் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். திருகுகளை மாற்றி மிச்சப்படுத்தும் சில பத்து கிராமை, புறப்படும் முன் குடிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் ஈடுகட்டிவிடும்.

எடை முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 45 கிலோ எடையுள்ள மாணவிக்கு 14 கிலோ சைக்கிள் உண்மையிலேயே பாரம்தான். அதைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படி ஏறுவதும், சாங்கியில் உபின் படகில் ஏற்றி இறக்குவதும் எளிதல்ல. அவருக்கு ஒரு கிலோ குறைவது எனக்குக் குறைவதைவிட அதிகப் பயன் தரும். அப்போதும் பிரேக்கை விட்டுக்கொடுத்து அந்தக் கிலோவைக் குறைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

இறக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். அதே 85 கிலோ, 50 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறக்குறைய 42,000 ஜூல் சக்தி வெளிப்படுகிறது. நம் ஊர் வெப்பநிலையில் இருக்கும் சிறு கிளாஸ் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் வெப்பமாக இறங்குவது, உள்ளங்கை அளவுள்ள இரண்டு மெல்லிய தகடுகளிலும் நான்கு சிறு பட்டைகளிலும்தான். சைக்கிளில் இவ்வளவு கடினமான வேலையைச் செய்யும் வேறு சிறிய பாகம் எனக்குத் தெரிந்து இல்லை.

சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பழைய ‘வி’ பிரேக் எடை குறைவு, விலையும் குறைவு. சாலைக்கு அது போதும். ஆனால் மழை பெய்து செம்மண் சேறு ஒட்டிக்கொண்டால் பிடிப்பு பாதியில் போய்விடும். சேறு உப்புத்தாள் போல விளிம்பையே தேய்த்துவிடும். டிஸ்க் பிரேக்கில் தகடு சேற்றிலிருந்து தள்ளி, அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிலும் கம்பி இழுக்கும் வகையைவிட எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகைதான் நல்லது. ஒரே விரலால் மெல்ல அழுத்தினாலும் பிடிக்கும், பட்டை தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும். இதற்கு விலை உயர்ந்த மாதிரி தேவையில்லை. ஷிமானோவின் தொடக்கநிலை ஹைட்ராலிக் பிரேக்கும் பந்தய மாதிரியும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. கூடுதல் விலையில் பெரும்பகுதி எடைக்கும் நுட்பமான உணர்வுக்கும்தான் போகிறது.

தகட்டின் அளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 160 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் முன்சக்கரத்தில் 180 போட்டால் பிரேக் பலம் ஏறக்குறைய 12 விழுக்காடு கூடும், வெப்பமும் விரைவாகத் தணியும். கூடும் எடையோ சில பத்து கிராம்தான். முன்கவை அந்த அளவை ஏற்குமா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். 80 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் இதைத் தயங்காமல் செய்யலாம் என்பேன்.

பட்டையில் இரண்டு வகை. ரெசின் பட்டை சத்தம் போடாது, தொட்டவுடன் பிடிக்கும்; ஆனால் ஈரத்திலும் மணலிலும் சீக்கிரம் கரையும். உலோகப் பட்டை கொஞ்சம் கீச்சிடும், ஆனால் நீடித்து உழைக்கும். நமது மழைக்கு நான் உலோகத்தையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் மலிவான சில தகடுகளில் ‘ரெசின் மட்டும்’ என்று பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். அதில் உலோகப் பட்டையைப் போட்டால் தகடு தேய்ந்துபோகும். புதிய பட்டையைப் போட்டவுடன் பாதைக்குப் போய்விடாதீர்கள். வெட்டவெளியில் வேகமெடுத்து மெதுவாக்குவதை இருபது தடவையாவது செய்த பிறகே முழுப் பிடிப்பு வரும்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். ஷிமானோ மினரல் ஆயில் பயன்படுத்துகிறது. சிராம் நீண்டகாலம் டாட் திரவத்தைப் பயன்படுத்தியது, அண்மைய சில மாதிரிகளில் மினரல் ஆயிலுக்கு மாறியிருக்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக் திடீரெனக் கைவிட்டுவிடலாம். டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் அதை ஒழுங்காக மாற்றிவிட வேண்டும்.

சிறிய கை உள்ளவர்கள் பிரேக் பிடி எட்டவில்லை என்று சொல்லி அப்படியே பழகிக்கொள்வதையும் பார்க்கிறேன். பெரும்பாலான ஹைட்ராலிக் பிடிகளில் தூரத்தைக் குறைக்க ஒரு திருகு இருக்கும். ஒரு காசு செலவில்லாத மாற்றம் அது.

பிரேக்குக்கு அடுத்து டயர். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். சைக்கிளை நிறுத்துவது மண்ணைப் பிடிக்கும் டயர். எடை குறைக்கத் துடிப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. சக்கரமும் டயரும் ஏற்குமானால், உள்ளே இருக்கும் டியூபை எடுத்துவிட்டு ‘டியூப்லெஸ்’ முறைக்கு மாறலாம். எடை குறையும், சிறு ஓட்டைகளை உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவமே அடைத்துவிடும், காற்றைக் குறைவாக வைத்து ஓட்டுவதால் பிடிப்பும் கூடும். காகிதம் போன்ற மெல்லிய பந்தய டயர்களை மட்டும் நான் வாங்கமாட்டேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கே பந்தய நடுவில் டயர் காற்றிழந்தது. சக்கரத்தோடு காத்திருக்க அவருக்கு ஒரு குழு இருந்தது. உபினில் நமக்கு நடைதான்.

கார்பன் ஹேண்டில்பார் கடைசியில் வரட்டும். மலைச் சைக்கிள் உலகின் முன்னோடிகளில் ஒருவரான கீத் பான்ட்ரேகர், உறுதி, எடைக் குறைவு, மலிவு ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பார். இணையத்தில் பிரபல நிறுவனத்தின் பெயரோடு நம்ப முடியாத விலைக்கு வரும் கார்பன் பாகங்களில் எந்த இரண்டு இருக்கின்றன என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் தராசைத் தேடுவதற்கு முன் முன்பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் வலக்கை, அமெரிக்காவில் இடக்கை. இங்கே இரண்டும் விற்பனைக்கு வருகின்றன. பிறகு சக்கரத்தைக் கழற்றி, பட்டையில் தேயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலையில் பேரம் பேசுங்கள், அந்தப் பணத்தில் புதிய பட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.