காற்று வரும் பக்கம் எது?

பல கார் இன்ஜின்களில் டாப்பெட் கவரைக் கழற்றினால் இரண்டு கேம்ஷாஃப்ட்டுகள் அருகருகே கிடக்கும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று இன்லெட் வால்வுகளைத் திறக்கிறது, மற்றது எக்ஸாஸ்ட் வால்வுகளை. எது எது?

"ரேடியேட்டர் பக்கம் இருப்பது எக்ஸாஸ்ட்" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ஹோண்டாவின் பழைய பி வரிசை இன்ஜினுக்கு அது சரி. 2001இல் வந்த கே வரிசையில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இன்லெட் முன்னால் வந்தது. வி வடிவ இன்ஜின்களில் உள்பக்கம் இன்லெட் என்பது பெரும்பாலும் பலிக்கும். ஆனால் 2008இல் பிஎம்டபிள்யூ தன் என்63 இன்ஜினில் டர்போக்களை வி-யின் நடுப்பள்ளத்தில் உட்காரவைத்தபோது எக்ஸாஸ்ட் உள்ளே வந்துவிட்டது.

ஆகவே இடம், வலம் பார்ப்பதை விட்டுக் குழாயைப் பின்தொடருங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் வழி ஹெட்டில் எந்தப் பக்கம் சேர்கிறதோ, அந்தப் பக்கத்துத் தண்டு இன்லெட். எதிர்ப்பக்கம், வெப்பத் தகட்டுக்குப் பின்னால் துருவேறி நிற்கும் இரும்பு சைலன்சருக்குப் போகிறது.

எழுத்துகளும் உதவும், கொஞ்சம் கவனமாகப் படித்தால். சுசுகி இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் மூடிகளில் ஆங்கில ஐ அல்லது இ, கூடவே வரிசை எண், டைமிங் செயின் பக்கம் காட்டும் அம்பு எல்லாம் இருக்கும். பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5இல் கேம்ஷாஃப்ட்டின் பல்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்துமே உண்டு! ஒரே சக்கரத்தை இரு பக்கமும் மாட்டுவதால் அப்படி. அங்கே ஐ-யைப் பார்த்ததும் இன்லெட் என்று முடிவுகட்டினால் போச்சு.

எனக்குப் பிடித்த சோதனை வேறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெல்லச் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. முதல் சிலிண்டரின் லோப்களை, அதாவது தண்டிலுள்ள முட்டை வடிவ மேடுகளை மட்டும் கவனியுங்கள். ஒரு தண்டின் லோப் வால்வை அழுத்தித் திறக்கும்; அந்த வால்வு மூடப்போகும் நேரத்தில் மற்றத் தண்டின் லோப் அழுத்தத் தொடங்கும். முந்தியது எக்ஸாஸ்ட், ஒட்டிப் பிந்தியது இன்லெட். எரிந்த புகை வெளியேறும் கையோடுதானே புதுக் காற்று உள்ளே வரவேண்டும்? இன்லெட்டும் மூடியபின் கிராங்க் ஏறக்குறைய முக்கால் சுற்று சுற்றும்வரை இரண்டு லோப்களும் சும்மா இருக்கும். அழுத்தமும் எரிதலும் நடக்கும் நேரம் அது.

ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும் திசையில்தான் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் விடையும் தலைகீழாகும். பெரும்பாலான இன்ஜின்கள் வலஞ்சுழி. மேலே சொன்ன ஹோண்டா பி வரிசை இடஞ்சுழி.

தண்டுகளைத் தூக்கித் துணியில் கிடத்திவிட்டால் இந்தச் சோதனைகள் எதுவும் கைகொடுக்காது. லோப்பின் உயரத்தைப் பார்த்து ஊகிப்பது ஆபத்து. மாற்றி மாட்டினால் வால்வு பிஸ்டனில் மோதவும் கூடும். தண்டில் பொறித்த பாக எண்ணைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டியதுதான். கழற்றும் முன்பே பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தவருக்கு அந்த வேலையும் மிச்சம்.