தீபாவளிச் சீட்டு

ஐப்பசி பிறந்ததும் நம் ஊர்களில் பட்சண மணத்தோடு கூடவே, "சீட்டுக்காரரைக் காணோம்!" என்ற கூக்குரலும் சில தெருக்களில் எழுகிறது. பட்டாசும் பாத்திரமும் தங்கக் காசும் கிடைக்குமென்று மாதந்தோறும் சிறுவாட்டுப் பணத்தைக் கட்டிவந்த பெண்மணிகள் பூட்டிய கதவின் முன்னே நிற்கிறார்கள்.

இதன் கணக்கைச் சற்று ஆராய்வோம். மாதம் 500 ரூபாய் வீதம் 12 மாதத்துக்கு 6,000 ரூபாய். 200 பேர் சேர்ந்தால் 12 லட்சம். ஏலச் சீட்டில் மாதம் ஒருவர் தொகையை எடுத்துக்கொள்வதால் பணம் ஓரிடத்தில் குவிவதில்லை. தீபாவளிச் சீட்டிலோ அவ்வளவும் கடைசி வரையில் ஒரே மனிதரிடம் தங்குகிறது. 6,000 கட்டினால் 8,000 ரூபாய் சாமான் என்கிறாரே, மிகுதி 2,000 எங்கிருந்து வரும்? இதைக் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்? தெரிந்த மனிதர் என்பது ரசீது ஆகுமா?

அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்புப் பணம் திரட்டுவதை 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. மோசம் செய்தவரின் சொத்தை ஜப்தி செய்ய 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஏமாந்தவர்கள் வெட்கத்தை விட்டு உடனே போலீசாரின் பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுகவேண்டும். ஆயினும் வழக்கு முடிந்து பணம் கைக்கு வருமுன் எத்தனையோ தீபாவளிகள் கழிந்துவிடலாம்.

ஆகையால், அதே 500 ரூபாயை வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பாகப் போட்டு வருவதே விவேகம். வட்டி சொற்பந்தான்; ஆனால் ஐப்பசியில் அது ஊரைவிட்டு ஓடாது.