'ரொம்ப ஈஸி' என்று சொல்லாதீர்கள்

நிரல் எழுதிப் படமும் அசைவும் உருவாக்குகிறவர்கள் இணையத்தில் கூடும் இடங்கள் பல இருக்கின்றன. கிரியேட்டிவ் கோடிங் குழுக்கள் என்று பெயர். புதிதாக அங்கே வரும் பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "கூச்சப்படாமல் கேளுங்கள்." கேட்டதும் கிடைக்கும் பதில், "இது ரொம்ப ஈஸிங்க, தேடிப் பார்த்துட்டு வாங்க." முதலாவது அவளுக்குத் துணிச்சல் போதாது என்கிறது. இரண்டாவது அவளுக்கு அறிவு போதாது என்கிறது. குறை வரவேற்கிற இடத்தில் இருக்கலாம் என்று இரண்டுமே ஒப்புக்கொள்வதில்லை.

எது ஈஸி? பி5.ஜேஎஸ் என்ற இலவச நிரல் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். இத்துறைக்கு வரும் பலருக்கு அதுதான் முதல் வாசல். எதையும் நிறுவ வேண்டாம். பிரவுசரைத் திறந்து அதிலேயே எழுதலாம். அப்படியும் முதல் நாள் எத்தனை இடறல்கள்! பள்ளிக்கூட வரைபடத்தாளில் ஒய் மதிப்பு கூடினால் புள்ளி மேலே போகும். இங்கே கீழே இறங்கும். பூஜ்ஜியம் திரையின் இடது மேல்மூலையில் இருக்கிறது. 'கிரியேட்கேன்வாஸ்' என்ற கட்டளையின் நடுவில் வரும் சி பெரிய எழுத்தாக இல்லாவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். 'டிரா' என்ற பகுதியில் எழுதுவது வழக்கமாக விநாடிக்கு 60 முறை ஓடும். பின்னணி நிறத்தை அதற்குள் எழுதாமல், ஒரே ஒருமுறை ஓடும் 'செட்டப்' பகுதியில் எழுதினால், நகரும் வட்டம் தடம் விட்டுக்கொண்டே போகும். புதியவளுக்கு அது பிழையாகத் தெரியும். விவரம் தெரிந்தவர் அதையே ஓவியமாக்குவார்.

இவை எதுவும் இயற்கை விதியல்ல. கருவியைச் செய்தவர்கள் எடுத்த முடிவுகள். யாராவது சொன்னால் இரண்டு நிமிடத்தில் புரியும். சொல்லாவிட்டால் எவ்வளவு புத்திசாலியாலும் ஊகிக்க முடியாது. தனக்கும் ஒருநாள் யாரோ சொல்லித்தான் தெரிந்தது என்பதை மறந்தவர்தான் "ஈஸி" என்கிறார்.

"கையைப் பிடித்து நடத்தினால் யாரும் வளரமாட்டார்கள், நாங்களெல்லாம் தனியாகத்தான் கற்றோம்" என்பார்கள். விடுதி அறையில் விடியவிடியச் சொல்லிக்கொடுத்த சீனியர் யார்? அண்ணனின் நண்பன் யார்? மேசைக்கே டீ கொண்டுவந்து வைத்தது யார்? அந்தத் துணைகளைக் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் கற்றதாகச் சொல்வது எளிது. பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்கவைத்து, வீட்டுக்கே பொதுவான மடிக்கணினி கைக்கு வரும்போது ஒரு பெண்ணுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். அது ஒரு பெரிய எழுத்தைத் தேடுவதிலேயே கரைந்தால் அன்றைய படிப்பு முடிந்தது. மறுநாளும் அப்படியே ஆனால் அவள் வருவதை நிறுத்திவிடுவாள். "பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை" என்று அதையும் அவள் கணக்கிலேயே எழுதுவார்கள்.

வாசலை அகலப்படுத்த முடியாது என்பது பொய். ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் நிரல் கற்க வேண்டும் என்பதற்காகவே 2001இல் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் ப்ராசஸிங் என்ற கருவியைத் தொடங்கினார்கள். அதன் வழியில், 2013இல் லாரன் லீ மெக்கார்த்தி என்ற பெண் கலைஞர் தொடங்கியதுதான் பி5.ஜேஎஸ். யாருக்கும் எதுவும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று கருதக் கூடாது என அதன் குழு தன் அறிக்கையிலேயே எழுதிவைத்தது. தவறு எங்கே, ஏன் நேர்ந்தது என்று மனிதர் பேசுவதுபோல் விளக்கும் பிழைச்செய்திகளை உருவாக்கியது. இன்னும் அதிகமானவர்கள் உள்ளே வர உதவாத புதிய வசதி எதையும் சேர்ப்பதில்லை என்று 2019இல் முடிவெடுத்தது. கனிவு யாருடைய நல்ல குணத்தையும் நம்பி விடப்படவில்லை. விதியாகவும் வேலையாகவும் ஆக்கப்பட்டது.

அந்த வேலையை யார் செய்கிறார்கள், அதற்கு என்ன மதிப்பு என்பதுதான் பெண்ணியக் கேள்வி. விளக்கக் குறிப்பு எழுதுவது, மொழிபெயர்ப்பது, ஒரே கேள்விக்கு நூறாவது முறையும் பொறுமையாகப் பதில் சொல்வது எல்லாம் பல குழுக்களில் "சும்மா உதவி". நிரல் எழுதியவருக்கே பெயர். விருந்தைப் புகழ்கிறவர்கள் பாத்திரம் தேய்த்தவளைக் கேட்காத அதே வழக்கம்தான். பி5.ஜேஎஸ்ஸின் பங்களிப்பாளர் பட்டியலில் குறிப்பு எழுதியவர்களும் மொழிபெயர்த்தவர்களும் இருக்கிறார்கள். மற்ற குழுக்களுக்கு அதைச் செய்ய என்ன தடை?

நம் ஊரில் இதற்குப் பதிலாக ஒரு புகழ்ச்சி கிடைக்கும்: "கோலம் போடுகிற கைக்குக் கோடிங் தானாக வரும்." கோலத்தில் கணக்கு இருப்பது உண்மைதான். 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விவரித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். ஆனால் அந்த இருவருக்கும் கணினியியல் கோலத்திலிருந்து தானாக வந்துவிடவில்லை, படித்தார்கள். வாசலில் புள்ளி வைக்கிறவளைப் புகழ்ந்துவிட்டு, மடிக்கணினியைத் தம்பியிடம் கொடுக்கிற வீட்டில் அந்தப் புகழ்ச்சியால் ஒரு பயனும் இல்லை. அவளுக்கு வேண்டியது கருவி, நேரம், புரிகிற மொழியில் ஒரு விளக்கம்.

குழு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். "ஈஸி" என்ற சொல்லைத் தடைசெய்யுங்கள். முதல் நாள் கேள்விகளுக்குத் தமிழில் பதில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். அதை எழுதியவரின் பெயரையும் நிரல் எழுதியவரின் பெயரோடு போடுங்கள். புதிதாக நுழையும் தோழிக்கு ஒன்று: உங்கள் கேள்வியைச் சுருக்காதீர்கள், மன்னிப்போடும் தொடங்காதீர்கள். என்ன எழுதினீர்கள், திரையில் என்ன வந்தது, என்ன வரவேண்டும் என்று நினைத்தீர்கள் என மூன்றையும் போடுங்கள். பதில் கிடைத்ததும் அதைக் குறித்துவையுங்கள். அடுத்த வாரம் இன்னொருத்தி அதே கேள்வியோடு வருவாள்.