பதினாறு வயதுக்குப் பொறுப்பு கொடுக்கலாமா?

"வாலிபர்கள் நாளைய சபை." திருச்செங்கோடு, நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் வாலிபர் ஞாயிறு வந்தால் இந்த வாக்கியமும் கூடவே மேடையேறிவிடும். கேட்பதற்குப் பாராட்டுப் போலத்தான் இருக்கிறது. நடைமுறையில் அதற்கு வேறு பொருள்: இன்றைக்கு நாற்காலி எடுத்துப் போடுங்கள், கேரல் ரவுண்ட்ஸில் கிட்டார் வாசியுங்கள், கோயில் முகப்பில் ஸ்டார் கட்டுங்கள்; முடிவெடுப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம். இப்படித் தள்ளிவைப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவுமே நிற்பதில்லை.

முதல் காரணம், பக்குவம் போதாது என்பது. வேறு ஊரில் சொன்னாலும் பரவாயில்லை, திருச்செங்கோட்டில் இதைச் சொல்லவே கூடாது. ரிக் வண்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர் இது. போர் போடும் லாரியோடு அப்பாவும் அண்ணனும் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று மாதக்கணக்கில் போய்விட, பேங்குக்குப் போவதும், கரண்ட் பில் கட்டுவதும், அப்பத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் வீட்டிலிருக்கும் பிளஸ் ஒன் பையன்தான். தறி ஓடும் வீடுகளில் பள்ளிவிட்டு வரும் பெண்பிள்ளை, அறுந்த இழையைப் பிணைத்துத் தறியை ஓட்டிவிட்டுத்தான் வீட்டுப்பாடத்தைத் திறக்கிறாள். வீட்டையே நம்பி ஒப்படைக்கிற பிள்ளையிடம் வாலிபர் கூடுகையின் நோட்டையும் காணிக்கைக் கணக்கையும் கொடுக்க மட்டும் ஏன் கை நடுங்க வேண்டும்?

மே மாதம் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியை, அதாவது நம் வி.பி.எஸ்.ஸைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஜமுக்காளத்தில் முப்பது குழந்தைகள்; முன்னால் பத்தாவது எழுதி முடித்த ஒரு பெண். சகேயு கதை பாதியில் நிற்கிறது. கடைசி வரிசையில் இருவர் அடித்துக்கொள்கிறார்கள், ஒரு பொடியன் அம்மா வேண்டும் என்று அழுகிறான். அவள் படத்தைக் கீழே வைக்கிறாள். அழுகிறவனைப் பக்கத்து நாற்காலியில் ஏற்றி, "இவன்தான் இப்ப சகேயு, மரத்துமேல இருக்கான், யாரு இவனைக் கூப்பிடப் போறீங்க?" என்கிறாள். சண்டை நின்று, முப்பது வாயும் ஒன்றாகக் கத்துகின்றன. கூட்டத்தைப் படித்து, திட்டத்தை மாற்றி, ஒதுங்கி நின்றவனை நடுவில் கொண்டுவந்துவிட்டாள். தலைமைத்துவம் என்று பயிற்சி முகாம்களில் சொல்லித்தருவது இதைத்தானே? ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதே பெண்ணைச் சபை மறுபடி 'சின்னப் பிள்ளை' ஆக்கிவிடுகிறது. இந்த அநியாயம் ஆண்டுதோறும் நடக்கிறது.

அடுத்தது வேதத்தைக் காட்டிச் சொல்லும் காரணம். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், புதிதாய்ச் சேர்ந்தவனைக் கண்காணி ஆக்கக்கூடாது, அவன் இறுமாப்படைந்துவிடுவான் என்று பவுல் எச்சரிக்கிறார் அல்லவா என்பார்கள். எச்சரிக்கிறார், ஆனால் அது விசுவாசத்தில் புதியவனைப் பற்றியது. நாற்பது வயதில் நேற்று சபைக்கு வந்தவருக்கும் அது பொருந்தும். தொட்டிலிலிருந்தே ஆலயத்தில் வளர்ந்து, ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிப் பொருத்துவது? ஒரே அதிகாரம் தள்ளிப் போனால், உன் இளமையைக் காட்டி ஒருவனும் உன்னை அற்பமாக எண்ண இடம்கொடாதே என்று அதே பவுல் அதே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். எட்டு வயதில் அரசனான யோசியா, பதினாறு வயதில் தேவனைத் தேடத் தொடங்கி, இருபதில் தேசத்தைச் சுத்திகரிக்க இறங்கினான் என்கிறது இரண்டாம் நாளாகமம்.

பிற்கால வரலாறும் அப்படித்தான். 1834இல் பிறந்த சார்லஸ் ஸ்பர்ஜன், இங்கிலாந்தின் வாட்டர்பீச் கிராமச் சபையில் பிரசங்கபீடம் ஏறியது 1851இல், பதினேழு வயதில். லண்டன் சபை அவரை அழைத்தபோது வயது பத்தொன்பது. இறையியல் கல்லூரியில் படிக்காத அவர், பிறகு போதகர்களுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கினார். கத்தோலிக்கத் திருச்சபையோ, பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் 2006இல் இறந்த இத்தாலியச் சிறுவன் கார்லோ அகுதிஸுக்கு 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டமே கொடுத்துவிட்டது. நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் அமைத்த பையன் அவன்.

படிப்பு கெடும் என்பதுதான் பெற்றோரின் பெரிய பயம். நாமக்கல் மாவட்டம் மதிப்பெண்ணுக்குப் பேர்போனது. தூரத்து மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஒன்பதாவது வரை வாலிபர் கூடுகைக்கு வந்த பிள்ளை, பத்தாவது வந்ததும் காணாமல் போகும். "பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்" என்பார்கள். அது முடிந்தால் பிளஸ் டூ, அப்புறம் நீட், அப்புறம் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ கல்லூரி. அந்தப் பரீட்சை முடிவதே இல்லை. பயம் நியாயமானதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் படிப்பைத் தின்றுவிடாது. பத்துப் பேர் முன்னால் நின்று பேசவும், ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்கவும், தோற்றவனைத் தேற்றவும் அந்த நேரத்தில் கற்றுக்கொள்வதை எந்த ஸ்பெஷல் கிளாஸும் தருவதில்லை. இன்னொன்று: இந்த வயதையொட்டித்தான் நம் சபைகளில் திடப்படுத்தல் ஆராதனை நடக்கிறது. தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திருவிருந்தில் பங்குபெறத் தகுந்தவன் என்று சபையே அறிவித்துவிட்டு, அடுத்த வாரமே "நீ போய்ப் படி" என்று அனுப்புவது என்ன நியாயம்?

நான்காவது, வாலிபர் ஊழியம் என்றால் ஆட்டமும் பாட்டும்தான், அதில் தலைவர்கள் உருவாக மாட்டார்கள் என்ற பேச்சு. இதற்குப் பதில் சேலத்திலேயே இருக்கிறது. கே. டி. பால் பிறந்தது 1876இல், சேலத்தில். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியாவும் அவரும் ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் சங்கத்தில் உழைத்தவர்கள். அந்தச் சங்கமே 1844இல் லண்டன் ஜவுளிக்கடைச் சிப்பந்திகளைச் சேர்த்து, இருபத்திரண்டு வயது ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கியது. மிஷனரிகளின் கையை எதிர்பார்க்காமல், இந்தியப் பணத்தில், இந்தியத் தலைமையில் ஊழியம் நடக்க வேண்டும் என்று 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் இவர்கள் இருவரும் உண்டு. பாலுக்கு அப்போது இருபத்தொன்பது, அசரியாவுக்கு முப்பத்தொன்று. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பால் 1916இல் ஒய்.எம்.சி.ஏ. தேசியக் குழுவின் முதல் இந்தியப் பொதுச்செயலாளரானார்; கிராம மக்கள் கடனிலிருந்து மீளக் கூட்டுறவுச் சங்கங்கள், ஊர்ப்புற முன்னேற்றப் பணி என்று வாலிபர் ஊழியத்தை வயல்வெளிக்குக் கொண்டுபோனார்; 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் உட்கார்ந்தார். ஈரோட்டில் ஊழியம் செய்த லண்டன் மிஷனரி எச். ஏ. பாப்லி அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். வாலிபர் சங்கத்தில் தலைவர்கள் உருவாக மாட்டார்கள் என்போர், நம் மண்ணிலேயே விளைந்த இந்த மனிதரை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

கடைசியாக ஒரு கவலை: பதின்ம வயதினரைத் தனியே விட்டால் பாதுகாப்பு என்னாகும்? இது முற்றிலும் சரியான கேள்வி. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் எல்லாரும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் பார்வையில் குழந்தைகள்தான். முகாமிலும் பயணத்திலும் அவர்களுக்குப் பொறுப்பான பெரியவர்கள், ஆணும் பெண்ணுமாக, உடன் இருந்தே ஆக வேண்டும். ஆனால் உடன் இருப்பது வேறு, அவர்கள் வேலையைப் பிடுங்கிக்கொள்வது வேறு. 1881இல் அமெரிக்காவின் போர்ட்லந்தில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தைத் தொடங்கியபோது, ஒவ்வோர் உறுப்பினரும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கெடுக்க வேண்டும் என்று விதியே வைத்தார். போதகர் அங்கேயே இருந்தார். கூட்டத்தை நடத்தியது பிள்ளைகள்.

இதை நம் சபைகளிலும் செய்ய முடியும். அடுத்த மே மாத வி.பி.எஸ்.ஸுக்கான பட்ஜெட்டை வாலிபர்களே போடட்டும். பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். வாலிபர்களைப் பற்றிப் பேசும் சபைக்கமிட்டிக் கூட்டத்துக்கு இரண்டு வாலிபர்களையும் அழைத்து, அவர்கள் சொன்னதை மினிட்ஸில் எழுதட்டும். கணக்கில் ஐந்நூறு ரூபாய் துண்டு விழுந்தால், வாலிபர் சங்கத்தையே கலைக்காமல், எங்கே தவறியது என்று உட்கார வைத்துச் சுட்டிக்காட்டி, மறுவருடமும் அதே பிள்ளைகளிடமே நோட்டைக் கொடுக்கட்டும்.