கவியின் வீட்டுக் காகிதங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தை நெருங்கும் இடத்தில், மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் இன்றும் தனியாக நிற்பதை, ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் பார்க்கும் அவசரத்தில் மேலே போகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. டி. ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்தாபனத்தில்தான் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950இல் 'பொன்முடி' என்னும் படமாயிற்று; 1952இல் வெளிவந்த 'வளையாபதி'க்கும் அவரே உரையாடல் எழுதினார். அந்தப் படத்துக்குத் தாம் எழுதிக் கொடுத்ததைத் தம்மைக் கேளாமல் திருத்திவிட்டார்கள் என்று சினந்து, வரவிருந்த பணத்தையும் பொருட்படுத்தாமல் கவிஞர் சேலத்தை விட்டே புறப்பட்டுவிட்டார் என்று ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. முதலாளி தரப்பு நியாயத்தைக் கேட்காமல் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் உயிரோடிருக்கும் கவிஞனுக்குக் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போகும் சுதந்திரமாவது உண்டு. அவன் மறைந்த பின் அவனுடைய வரிகளுக்காகக் கோபிக்க வேண்டியவர் யார்?

நம் நாட்டில் அந்தப் பொறுப்பு, யாரும் ஒப்படைக்காமலே, வீட்டு மனிதர்கள் தலையில்தான் வந்து விழுகிறது. 1964இல் பாரதிதாசன் காலமானபோது அது அவருடைய புதல்வர் மன்னர் மன்னன்மீது விழுந்தது. தந்தையின் வாழ்க்கையை, உடன் வாழ்ந்தவர் மட்டுமே எழுதக்கூடிய நெருக்கத்தோடு எழுதி வைத்ததும், அவர் காகிதங்களைப் பேணியதும் அவர் செய்த கைங்கரியங்கள். எனினும் இவ்விஷயத்தின் முழுச் சிக்கலையும் காண விரும்புகிறவர் பாரதியின் குடும்பத்தைத்தான் பார்க்க வேண்டும்.

1920இல் பாரதி தம் கையெழுத்துப் பிரதிகளை நாற்பது புத்தகங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதி அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விலைபோகும்படி செய்யப் போவதாகத் திட்டமிட்டு, நண்பர்களிடம் மூலதனம் கேட்டு எழுதினார். பணம் வரவில்லை, மறு ஆண்டு செப்டம்பரில் அவரே போய்விட்டார். எஞ்சியவை ஒரு விதவையும் இரண்டு பெண்களும் சில காகிதக் கட்டுகளும். பதிப்புத் தொழிலின் அரிச்சுவடியும் அறியாத செல்லம்மாள், பாரதி ஆசிரமம் என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு 1922இல் 'சுதேச கீதங்க'ளை வெளியிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம், கணவரோடு வாழ்ந்த காலத்தில் அவர் பட்ட கஷ்டங்களைப் பற்றி உருகி எழுதுகிற நாம், அவரைத் தமிழின் பதிப்பாளர் வரிசையில் ஒருநாளும் வைத்துப் பேசியதில்லையே என்று தோன்றும். பிறகு பாரதியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி சி. விசுவநாதனும், மருமகன் நடராஜனும், ஹரிஹர சர்மாவும் சேர்ந்து பாரதி பிரசுராலயத்தைத் தொடங்கினார்கள். 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தைத்தான் பாரதி 1912இல் அச்சில் கண்டார். இரண்டாம் பாகம் வெளிவந்தது 1924இல். பன்னிரண்டு ஆண்டு காகிதத்தில் கிடந்த அந்த இரண்டாம் பாகத்தை ஒரு வீடு மாறுதலோ ஒரு மழையோ கொண்டுபோயிருந்தால், சபதம் இல்லாத 'பாஞ்சாலி சபத'மே நமக்கு மிஞ்சியிருக்கும். 1928இல் பர்மா அரசாங்கமும் அதைத் தொடர்ந்து சென்னை அரசாங்கமும் பாரதி பாடல்களைத் தடை செய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் முழங்கிய சத்தியமூர்த்திக்குக் கீர்த்தி கிடைத்தது. நஷ்டம் பிரசுராலயத்தைச் சேர்ந்தது.

இதே குடும்பத்தைத்தான் பின்னர் நாடு குறை கூறிற்று. உரிமை விசுவநாதனிடம் சென்றது. இசைத்தட்டு, சினிமா உரிமை கைமாறி ஏவி. மெய்யப்பனிடம் சேர்ந்தது, பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்ற ஆவேசத்தில், நாரண துரைக்கண்ணன் முதலியோர் பாரதி விடுதலைக் கழகம் கண்டார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் உரிமையைப் பெற்றுக்கொண்டது. மெய்யப்பன் பணம் வாங்காமல் கொடுத்தார். விசுவநாதனுக்குப் பதினையாயிரம் ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு புதல்வியருக்கும் தலைக்கு ஐயாயிரமும் அளிக்கப்பட்டன. 1955இல் உரிமை பொதுமக்களுக்கே விடப்பட்டது. ஒரு கவிஞனின் வாக்கை அரசாங்கம் வாங்கி ஜனங்களுக்குக் கொடுத்தது மகத்தான காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று முதல் நாம் ஒரு மயக்கத்துக்கும் ஆளானோம். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதும், சரியாக அச்சிட்டிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. மலிவுப் பதிப்பு ஒவ்வொன்றும் முந்திய மலிவுப் பதிப்பைப் பார்த்து எழுத்துக் கோத்ததால், பிழை பிழையைப் பெற்றது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பாரதி பாடல்களின் ஆய்வுப் பதிப்பைக் கொண்டுவந்தது 1987இல். நாட்டுடைமையாகி முப்பத்தெட்டு ஆண்டுக்குப் பிறகு.

வாய்மொழியாகவே வாழும் பாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. சேர்வராயன் மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்த சகோதரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் கதையில் பாட்டி ஒரு விதமாகவும் பேத்தி ஒரு விதமாகவும் சொல் மாற்றினால் யாரும் வழக்குத் தொடுக்க மாட்டார்கள். அங்கே மாற்றுவதே காப்பாற்றுவது. கையெழுத்திட்டு எழுதிய கவிஞனுக்கு அந்த நியாயம் செல்லாது.

உறவினர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முன்னோர் சேர்த்த ஏட்டுச் சுவடிகளை ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் விட்ட புலவர் வீடுகள் உண்டென்பதை உ. வே. சாமிநாதையர் காலத்துச் செய்திகள் காட்டும். ஆற்றில் விடுவதைவிட நாசூக்கான அழிவு இன்னொன்று உண்டு: கடன் கேட்ட கடிதம் குடும்பத்துக்குக் கௌரவக் குறைவென்று கிழிக்கப்படும், ஒரு நண்பரைத் திட்டிய வரி, அந்த நண்பரின் பிள்ளை மனம் நோகுமென்று விடப்படும், அடித்துத் திருத்திய பாடம், தாத்தா தடுமாறினார் என்று எவரும் நினைத்துவிடக் கூடாதென்று சுத்தமாகப் பெயர்த்தெழுதப்பட்டு, மூலம் அடுப்புக்குப் போகும். இவையெல்லாம் அன்பின் பெயரால் நிகழ்வதால் கண்டிப்பதும் எளிதல்ல. என் அபிப்பிராயத்தில், வாரிசின் தலையாய தகுதி காகிதத்துக்குக் காவலாக இருப்பதும் நேரில் கண்டதைச் சொல்லும் சாட்சியாக இருப்பதுமே. பதிப்பாசிரியராகவும் இருக்க விரும்பினால், எந்த இடத்தில் தம் கை பட்டது என்று பக்கத்துக்குப் பக்கம் கணக்குக் காட்ட வேண்டும். பாரதியின் மகள்வழிப் பேத்தி விஜயபாரதி, தாத்தாவைத் தம் ஆராய்ச்சிக்கே பொருளாகக் கொண்டு முனைவர் பட்டம் பெற்று, பிறகு அவர் எழுத்துகளைப் பதிப்பிக்கும் பணியில் இறங்கியதை இதனால்தான் மதிக்கிறேன். உறவு என்ற ஒன்றையே யோக்யதாபத்திரமாக அவர் நீட்டவில்லை. அவர் மகள் மீரா சுந்தரராஜன் சட்ட அறிஞர். உரிமை பொதுவான பிறகும் கவிஞனின் வாக்கைச் சிதைக்காமல் காக்கும் தார்மிக உரிமையைப் பற்றிப் பாரதியையே உதாரணமாக வைத்து எழுதியிருக்கிறார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அப்படி ஓர் உரிமையை ஏட்டில் வைத்திருக்கிறது. நீதிமன்றப் படியேற நம்மூரில் எந்தக் கவிஞரின் பேரனுக்கு வசதி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இரத்த பந்தம் ஏதுமில்லாத சீனி. விசுவநாதன், தம் ஆயுளையே செலவிட்டுக் காலவரிசைப்படுத்திய பாரதி படைப்புகள் 23 தொகுதிகளாக 2024 டிசம்பரில் டில்லியில் பிரதமர் கையால் வெளியாயின. ஒரு தனிமனிதர் அதைச் செய்ய முடிந்ததற்குப் பாரதி வீட்டார் காகிதங்களைக் காத்து வைத்திருந்ததும் ஒரு காரணம். ஆகவே எழுத்தாளர் ஒருவரை நாட்டுடைமையாக்கி வாரிசுக்குப் பரிவுத்தொகை வழங்கும் அரசாங்கம், உரிமைப் பத்திரத்தோடு அவர் வீட்டுக் கைப்பிரதிகள், கடிதங்கள், கைத்திருத்தம் உள்ள அச்சுப் பிரதிகள் ஆகியவற்றின் பட்டியலையும் கேட்க வேண்டும். மூலத்தை வாரிசே வைத்துக்கொள்ளட்டும். ஒளிப்படப் பிரதியொன்று ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் இருந்தால் போதும். பட்டியல் எழுதத் தெரிந்த ஒருவரை மாதச் சம்பளத்தில் அந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பதும் அரசாங்கத்தின் பொறுப்பாக வேண்டும். ஏனெனில் கட்டைப் பிரித்தால் எதை எந்த வரிசையில் வைப்பது என்று அறியாமல், பிரிக்கவே பயந்து பரண்மேல் வைத்திருக்கும் குடும்பங்கள்தாம் அதிகம்.