சி.என்.சி. வந்தாச்சு, வைஸ் நேராக இருக்கா?

வள்ளியூரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரில்தான் மகேந்திரகிரி இருக்கிறது. விகாஸ் எஞ்சினும் கிரையோஜெனிக் எஞ்சினும் அங்குள்ள இஸ்ரோ வளாகத்தில் நெருப்பைக் கக்கித் தேர்வு பெறுகின்றன. ஆனால் விகாஸ் எஞ்சின் உருவாவது மும்பை கோத்ரெஜிலும் ஐதராபாத் எம்.டி.ஏ.ஆரிலும். சத்தம் மட்டும் நமக்கு, கூலி வெளியூருக்கு.

கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. இன்னும் நான்கு எழும்பிக்கொண்டிருக்கின்றன. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியாயிற்று. 2025 ஏப்ரலில் வந்த தமிழக அரசின் விண்வெளித் தொழில் கொள்கை ஐந்தாண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டைக் குறிவைக்கிறது. இதில் வள்ளியூர், பணகுடி, நாங்குநேரிப் பட்டறைகளுக்கு என்ன கிடைக்கும்? மானியம், நிலம், மின்சாரம் என்று பெரிய பதில்கள் உண்டு. யாரும் பேசாத சின்னப் பதிலும் ஒன்று உண்டு: மில்லிங் மெஷினில் வைஸை நேராகப் பொருத்தத் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறார்கள் என்பது.

வைஸ் என்பது ஜாபை, அதாவது வெட்ட வேண்டிய துண்டை, கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடி. அதன் இரண்டு தாடைகளில் (ஜா) ஒன்று அசையாது. இன்னொன்று திருகினால் நகரும். அசையாத ஜா, டேபிள் ஓடும் திசைக்கு இணையாக நிற்க வேண்டும். 150 மில்லிமீட்டர் ஜாவில் 0.05 மில்லிமீட்டர் விலகல் இருந்தால், அதில் பிடித்த 300 மில்லிமீட்டர் ஜாபில் அது 0.1 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பாகத்தைப் பொருத்தும் இடத்தில்தான் தெரியும், அப்போது ஜாப் ரிஜெக்ட் ஆகியிருக்கும்.

நல்ல மெஷினிஸ்ட் வைஸை நேராக்கும் விதமே தனி. மெஷினை நிறுத்திவிட்டு டேபிளைப் பனியன் வேஸ்ட்டால் துடைப்பார். பிறகு உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்ப்பார். துணிக்குத் தப்பிய துகள் கைக்கு அகப்படும். பிசிறு இருந்தால் ஆயில் ஸ்டோன் வைத்துத் தேய்ப்பார். வைஸின் அடிப்பக்கத்துக்கும் இதே கவனிப்பு. மேலே ஏற்றியதும் ஒரு பக்கத்து போல்ட்டைப் பிடிப்பாக இறுக்கி, மறுபக்கத்தை லேசாக விடுவார். மிகச் சிறு விலகலையும் முள்ளால் காட்டும் டயலின் காந்த ஸ்டாண்டை மெஷின் ஹெட்டில் ஒட்டி, அதன் முனை அசையாத ஜாவைத் தொட்டுக் கொஞ்சம் அழுந்தும்படி வைத்து, இறுகிய பக்கத்தில் ஜீரோ வைப்பார். டேபிளை நீளவாக்கில் மறுகோடி வரை நகர்த்துவார். முள் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கேற்ப, லேசாக விட்ட பக்கத்தை நைலான் சுத்தியலால் தட்டுவார். மறுபடி தொடக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஜீரோவும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மறுபடி ஜீரோ, மறுபடி ஓட்டம், மறுபடி தட்டு. முள் அசையாமல் நின்றதும் இரண்டு போல்ட்டையும் முழுசாக இறுக்கிவிட்டு, கடைசியாக இன்னொரு முறை ஓட்டுவார். இறுக்கும்போது வைஸ் இழுபடும் என்பது அவருக்குத் தெரியும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசி ஓட்டத்தைத்தான்.

பழகிய கைக்குச் சில நிமிட வேலை.

“சி.என்.சி. காலத்தில் இது எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின் சொன்ன இடத்துக்குத் துல்லியமாகப் போகும். வைஸ் கோணலாக இருந்தால் நூறு ஜாபையும் அதே கோணலில் வெட்டித்தரும். தொட்டு அளக்கும் புரோப் உள்ள மெஷின் வைஸின் திருப்பத்தைத் தானே கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும், உண்மைதான். ஆனால் அடியில் சிக்கிய துகளால் வைஸ் சாய்ந்து நின்றால், அந்தக் கணக்கு அதை நிமிர்த்தாது. தவிர, நம் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் எத்தனையில் புரோப் இருக்கப்போகிறது? வைஸை நேராக உட்கார வைக்க அதன் அடியில் வரும் சாவிக்கட்டையும் டேபிள் காடியில் கொஞ்சம் இடைவெளி விட்டே உட்காரும்; அதை மட்டும் நம்ப முடியாது.

துகளும் பொருத்தலில் வரும் அழுத்தமும் என்ன செய்யக்கூடும் என்பதற்கு 2021 ஆகஸ்ட் 12 நினைவிருக்கட்டும். அன்று ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின் எரியாமல் போய், இ.ஓ.எஸ்.-03 செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு ஒன்று கசிந்ததே காரணமாக இருக்கக்கூடும் என்றது ஆய்வுக் குழு. வால்வு இயங்கும்போதோ, மாசாலும் கடுங்குளிரில் வால்வின் பொருத்தலில் ஏற்பட்ட அழுத்தத்தாலுமோ அதன் மென்மையான சீல் சேதமாகியிருக்கலாம் என்றும் சொன்னது. வைஸும் வால்வும் வேறுதான். ஆனால் சுத்தமாகத் துடைப்பதும் சரியாக இறுக்குவதும் கடைநிலை வேலை என்று நினைப்பவர்கள் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்.

டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டு நவீனமாக்கியிருக்கிறது தமிழக அரசு. ரோபோ, மின்வாகனம், மேம்பட்ட சி.என்.சி. என்று புதுப் பாடங்கள் வந்திருக்கின்றன. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் பேட்டை, கோணம் ஐ.டி.ஐ.க்களுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள், திரையைத் தொடுவதற்கு முன் டயலைத் தொட வேண்டும். ஏற்கெனவே பொருத்திவைத்த வைஸில் வேலை செய்து பழகியவன், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே திணறுவான்.

வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஒன்று செய்யலாம். செய்முறைத் தேர்வில் வெட்டிய பாகத்தை அளந்து மதிப்பெண் போடுவதோடு நிற்காமல், வைஸைக் கழற்றிக் கீழே வைத்து, “ஏற்றிக் காட்டு” என்று மாணவனிடம் கேட்கட்டும். மெஷினுக்கு ஒரு டயல், ஒரு நைலான் சுத்தியல், ஒரு ஆயில் ஸ்டோன் கொடுக்கட்டும். மூன்றும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அடுத்த சேர்க்கைக்கு முன்பே வாங்கிவிடலாம்.